பத்திரத்தில் யார் பெயர்? லயத்துக் கூரையிலிருந்து வீட்டுக் கடன் வரை

(தொலைக்காட்சிக் கருத்துமேடையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்துமேடைக்குச் சொத்துடைமை முகவர்களாகத் தொழில் செய்யும் இளைஞர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். வட்டி ஏறுமா இறங்குமா, எந்த வட்டாரத்தில் விலை கூடும், எந்த வங்கி கடன் கொடுக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு அன்றாடப் பேச்சு. அதைப் பற்றி நானும் பேசுவேன். ஆனால், அதற்கு முன் ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிட்டு வருவோம். இந்த நாட்டில் நம்மவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் வீடுகளில் குடியிருந்தார்கள். ஆனால், வீட்டுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள் எத்தனை பேர்? குடியிருப்பது வேறு, உடைமை வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தாள். அந்தத் தாளின் கதைதான் இன்றைய உரை.

செங்கல் சூளையும் ரயில்வே குவார்ட்டர்ஸும்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரிலேயே வீடு இருக்கிறது. 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரையும் மரச் சுவருமாக இருந்த ஊர் அழிந்தது. அதன் பிறகு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கான களிமண் கிடைத்த இடத்தில் யாப் ஆ லோய் சூளை போட்டார். அந்தச் சூளைக்காடுதான் பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூரின் முதல் கல்வீடுகள் பிறந்த மண் அது.

1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலோடு தமிழரும் வந்தார்கள். தண்டவாளம் போட்டவர்கள், சிக்னல் காட்டியவர்கள், பட்டறையில் உழைத்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கணக்கு எழுதியவர்கள் எல்லாரும் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள். அவர்களுக்காக ரயில்வே நிர்வாகம் குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்தது. ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று சொன்னால் பழைய பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இன்றும் கண்ணில் வெளிச்சம் வரும்.

நல்ல வீடுகள்தான். ஆனால், அவை வேலையோடு ஒட்டிக்கொண்ட வீடுகள். வேலை இருக்கும் வரை வீடு இருக்கும். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாற்பது வயதிலேயே ஓய்வுக் காலத்தை நினைத்து எங்கேயாவது ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டவர் பிழைத்துக்கொண்டார். நினைக்காதவர் ஐம்பத்தைந்து வயதில் வாடகை வீடு தேடினார். பிரிக்பீல்ட்ஸில் இருந்த ரயில்வே நிலத்தில்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று அதைச் சுற்றிலும் வானுயர்ந்த கட்டடங்கள். அந்த மண்ணில் தலைமுறைக் கணக்கில் உழைத்தவர்களின் பெயர், அந்த நிலத்துக்கான பத்திரம் எதிலும் இல்லை.

லயம்: கதவுக்குச் சாவி யாரிடம்?

ரயில்வே குவார்ட்டர்ஸின் நிலை இப்படியென்றால், தோட்டத்து லயத்தின் நிலை இன்னும் ஒரு படி கீழே. கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் விலை ஏறிய காலத்தில் காடுகள் தோட்டங்களாயின. லயங்கள் வரிசையாக எழுந்தன. வீட்டுக்கு வாடகை இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால், வாடகை இல்லாத வீட்டுக்கு ஒரு விலை உண்டு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை போனது, அதே நாளில் வீடும் போனது, அடுத்த மாதம் நாடும் போனது. ஒரே ஒரு தாளில் அவர்கள் பெயர் இருந்திருந்தால், ஒரு கால் ஏக்கர் நிலம் இருந்திருந்தால், கதை வேறாக இருந்திருக்கும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நாம் சம்பளப் போராட்டமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அன்று தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதில் ஒன்று, எங்கள் உற்றார் உறவினர் எங்களைப் பார்க்கத் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதிக்க வேண்டும் என்பது. யோசித்துப் பாருங்கள். சொந்த மாமனும் மச்சானும் வீட்டு வாசலுக்கு வர, துரையின் அனுமதி வேண்டும். வாசல் நம்முடையதாக இல்லாவிட்டால் விருந்தாளியும் நம்முடையவன் இல்லை. வீட்டுரிமை என்பது பணம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல என்பதை அந்த ஒரு கோரிக்கை சொல்லிவிடுகிறது.

லெபோ அம்பாங்கின் பெட்டியடி

இதே காலத்தில் கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கில் இன்னொரு தமிழர் கூட்டம் வேறு தொழிலில் இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். பெரிய ஐரோப்பிய வங்கிகள் சாதாரண மனிதனை உள்ளே விடாத காலம் அது. சிறு தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் சுரங்கக்காரருக்கும் கடன் கொடுத்தவர்கள் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த செட்டியார்களே. இந்த வட்டாரத்தின் வீட்டுக் கடன் வரலாற்றை எழுதுகிறவர் அந்தப் பெட்டியடியைத் தாண்டிப் போக முடியாது.

அவர்கள் கேட்ட ஈடு நிலப்பத்திரம். நம் மக்கள் வாயில் அது ‘கிராண்ட்’. ஊரில் நமக்கு அடமானம் தெரியும், ஒத்தி தெரியும், போக்கியம் தெரியும். ஒத்தியில் கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவிப்பார், பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும். மலாய்க்காரர்களிடமும் ‘ஜுவால் ஜன்ஜி’ என்று ஒரு வழக்கம் இருந்தது. நிலத்தை விற்பது போல எழுதிக்கொடுத்து, குறித்த தவணைக்குள் பணம் கட்டினால் திரும்பப் பெறுவது. இரண்டும் வாய்ச்சொல்லையும் நம்பிக்கையையும் அடிப்படையாகக் கொண்டவை.

ஆங்கிலேயர் கொண்டுவந்தது வேறு முறை. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் உருவாக்கிய பதிவு முறையை 1891-இல் சிலாங்கூர் ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் ஒரே வரி: அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே உடைமையாளர். வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. இன்று நீங்கள் விற்கும் ஒவ்வொரு வீடும் இந்த முறையின் கீழ்தான் இருக்கிறது. 1966 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டமும் இதையே பின்பற்றுகிறது.

மந்த காலத்தில் கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. நிலங்கள் செட்டியார்கள் கைக்கு மாறத் தொடங்கின. அரசாங்கம் விழித்துக்கொண்டது. சிறு நிலங்கள் கடனுக்காக விற்கப்படுவதைக் கட்டுப்படுத்த 1931-இல் ஒரு சட்டம் வந்தது. 1913-இல் தொடங்கிய மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933-இல் மேலும் இறுக்கப்பட்டது. ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவரிடம் ஈடு வைக்க முடியாது என்றானது. ஒரு நிலத்தைக் காட்டி விலை பேசும் முன், அது எந்த வகை நிலம், பத்திரத்தில் என்ன கட்டுப்பாடு எழுதியிருக்கிறது என்று இன்று நீங்கள் பார்க்கிறீர்களே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

பதிவேடும் பித்தலாட்டமும்

பதிவேட்டில் பெயர் இருந்தால் எல்லாம் முடிந்ததா? சிலாங்கூரில் நடந்த ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1913-இல் தீர்ந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் ரப்பர் கம்பெனி 322 ஏக்கர் நிலத்தை வாங்கியது. அதற்குள் 58 ஏக்கரை கோலாலம்பூர் செல்வந்தர் லோக் யூ முன்பே வாங்கியிருந்தார். ஆனால், அவர் கையில் இருந்தவை பதிவு செய்யப்படாத மலாய் ஆவணங்கள். அவர் நிலத்துக்குத் தொந்தரவு வராது என்று கம்பெனியின் ஆள் உறுதி கொடுத்ததால்தான் விற்பவர் கையெழுத்துப் போட்டார். பதிவு முடிந்ததும் கம்பெனி, பதிவேட்டில் எங்கள் பெயர்தான் இருக்கிறது, வெளியேறு என்றது. பிரிவி கவுன்சில் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, நிலத்தை லோக் யூவுக்கே திருப்பி எழுதச் சொன்னது.

லோக் யூவிடம் லண்டன் வரை போகப் பணம் இருந்தது. நம்மிடம் இருக்குமா? அதனால்தான் சொல்கிறேன், பதிவு செய்யாத தாளை நம்பி இருக்காதீர்கள்.

நம் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. பினாங்கில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவரின் நிலத்தை, அவரைப் போல வேடமிட்ட ஒருவர் கள்ளக் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டார். விவரம் தெரியாமல் வாங்கியவருக்கே நிலம் சொந்தம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நாடே அதிர்ந்தது. அந்தச் சட்ட விளக்கம் தவறு என்று அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் திருத்திச் சொல்ல 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரத்தின் மேல் நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்வதற்குச் சிறு தொகைதான் செலவு. அதைச் செய்யாமல் இருப்பதன் விலை ஒரு வாழ்நாள் சேமிப்பு.

பத்து வெள்ளி புரட்சி

1950-களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் லயம் யாருக்கு வேண்டும்? தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆய்வு செய்து எழுதினார்.

அப்போது துன் வீ.தி. சம்பந்தன் ஒரு வழி கண்டார். தோட்டத்தை விற்கிறார்களா, நாமே வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டப்பட்டது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கம் இன்றும் இயங்குகிறது. வேலை செய்த மண்ணில் தமிழ்த் தொழிலாளிக்குக் கூட்டாகவாவது ஒரு பங்கு உண்டு என்று தாளில் எழுதிக் காட்டிய முயற்சி அது. பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று துன் சம்பந்தன் சாலை என்று அழைக்கப்படுவது பொருத்தமான ஒன்றுதான்.

ஆனாலும், பெரும்பாலான தோட்டங்கள் வேறு கைகளுக்குத்தான் போயின. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவானது. எபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமாவானது. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவானது. புக்கிட் ஜாலில் தோட்டத்தின் பெயரில் 1998-இல் விளையாட்டரங்கம் திறந்தார்கள். அந்த வட்டாரங்களில் இன்று நீங்கள் விற்கும் வீடுகளின் விலை உங்களுக்குத் தெரியும். அங்கே தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்பவை பெரும்பாலும் நம் தமிழ்ப்பள்ளிகளே. மண்ணைப் பண்படுத்தியவரின் பிள்ளை அதே மண்ணில் வீடு வாங்க வேண்டுமென்றால், முப்பது ஆண்டு கடன் எடுக்க வேண்டும்.

வங்கிக் கதவு திறந்த கதை

அந்தக் கடன் எப்படி வந்தது? 1950-இல் தொடங்கி, 1956-இல் மலாயா போர்னியோ கட்டடச் சங்கம் என்று பெயர் மாறிய நிறுவனம்தான் மாதச் சம்பளக்காரருக்கு வீட்டுக் கடன் என்ற பழக்கத்தைப் பரப்பிய முன்னோடிகளில் ஒன்று. பெட்டாலிங் ஜெயா என்ற புதிய நகரம் எழுந்த அதே காலம். அரசு ஊழியர்களுக்குக் கருவூலத்தின் கடன் வந்தது. 1966-இல் வீடமைப்பு மேம்பாட்டாளர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1985-இல் அடுக்குமாடி வீட்டுக்குத் தனித்தனிப் பட்டா தரும் சட்டம் வந்தது. 1986-இல் காகாமாஸ் நிறுவப்பட்டது. வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களை அது வாங்கிக்கொள்ளும். வங்கிக்குப் பணம் திரும்பும், அது அடுத்தவருக்குக் கடன் கொடுக்கும்.

கதவு திறந்தது. ஆனால், வாசற்படி வழுக்கும் என்று 1998-இல் தெரிந்தது. ஆசிய நிதி நெருக்கடியில் வங்கிகளின் அடிப்படைக் கடன் விகிதம் 12 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரு கணக்குப் போடுவோம். இருபது ஆண்டுக் கடன், ஒரு லட்சம் வெள்ளி. 9 விழுக்காடு வட்டி என்றால் மாதம் ஏறக்குறைய 900 வெள்ளி. 12 விழுக்காடு என்றால் 1,100 வெள்ளி. சம்பளம் ஏறவில்லை, தவணை 200 வெள்ளி ஏறிவிட்டது. அந்த இருநூறு வெள்ளியில் வீட்டை இழந்தவர்கள் உண்டு.

அதன் பிறகு பேங்க் நெகாரா பல பாடங்களைக் கற்றது. 2010-இல் மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. 2012-இல் கடன் வாங்குபவரின் நிகர வருமானத்தைக் கணக்கிட வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2013-இல் வீட்டுக் கடன் 35 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. 2022-இல் வந்த தரப்படுத்தப்பட்ட அடிப்படை விகிதம், பேங்க் நெகாராவின் வட்டி முடிவோடு நேராகவே இணைக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டைத் தொட்ட அந்த வட்டியை 2025 ஜூலையில் 2.75 ஆகக் குறைத்தார்கள். முன்பு வட்டி ஏன் ஏறியது என்று வாடிக்கையாளருக்குப் புரியாது. இன்று செய்தித்தாளைப் படிப்பவர் தன் தவணை எந்தப் பக்கம் போகும் என்று தானே சொல்லிவிடலாம்.

முகவர் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற முகவரோ அவர் நிறுவனத்தில் பதிவான பேச்சாளரோதான் வீடு விற்றுக் கொடுத்துக் கூலி வாங்கலாம். கழுத்தில் தொங்கும் அட்டை அலங்காரத்துக்கல்ல. அது ஒரு பொறுப்பு.

வாடிக்கையாளர் பலருக்கும் தெரியாத மூன்று செய்திகளை நீங்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, காலம். மூன்று லட்சம் வெள்ளிக் கடன், 4 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். 35 ஆண்டு என்றால் மாதம் ஏறக்குறைய 1,328 வெள்ளி. 30 ஆண்டு என்றால் 1,432 வெள்ளி. மாதம் நூற்றுச் சொச்சம்தான் வித்தியாசம். ஆனால், ஐந்து ஆண்டு குறைத்தால் மொத்தத்தில் நாற்பதாயிரம் வெள்ளிக்கு மேல் மிச்சம். மகளின் கல்லூரிச் செலவு அதில் இருக்கிறது.

இரண்டாவது, பட்டா. தனிப்பட்டா வந்துவிட்ட வீட்டில் வங்கியின் உரிமை நிலப் பதிவேட்டில் ஈடாகப் பதிவாகும். தவணை தவறினால் வங்கி முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, உயர்நீதிமன்றத்தையோ நில அலுவலகத்தையோ நாடித்தான் ஏலம் விட முடியும். அங்கே நாமும் பேசலாம். பட்டா இன்னும் வராத வீட்டில் நாம் எழுதிக் கொடுப்பது உரிமை மாற்றுப் பத்திரம். அதை வைத்து நீதிமன்ற உத்தரவு இல்லாமலே ஏலத்துக்குக் கொண்டு போக முடியும். இரண்டு நிலையிலும் ஏலப்பணம் கடனுக்குப் போதாவிட்டால், மீதியைக் கடன் வாங்கியவரே கட்ட வேண்டும். வீடும் போய் கடனும் நிற்கும்.

மூன்றாவது, தாமதம். மேம்பாட்டாளர் தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடியை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டப்படியான ஒப்பந்தத்தின் பொது விதி. தவறினால் இழப்பீடு உண்டு. பழைய கிள்ளான் சாலை அடுக்குமாடி ஒன்றின் வழக்கில், இந்தக் காலத்தை நீட்டித்துக் கொடுத்தது செல்லாது என்று 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதாரண வாங்குநர்கள் போராடி வென்ற வழக்கு அது. 2002 முதல் வீடு வாங்குவோருக்கென்று தனித் தீர்ப்பாயமும் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே போகலாம்.

சம்பளச் சீட்டு இல்லாத நம் சிறு வியாபாரிக்கும் லாரி ஓட்டுநருக்கும் கடன் கிடைக்காது என்று கைவிரிக்காதீர்கள். அவர்களுக்காகவே அரசாங்கத்தின் வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் இருக்கிறது. 2025 முதல் 2027 வரை ஒப்பந்தம் செய்து, 5 லட்சம் வெள்ளிக்கு உட்பட்ட முதல் வீட்டை வாங்குபவர், வட்டிக்காக ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வரிக் கழிவும் கேட்கலாம். இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பவர்தான் முகவர். சொல்லாமல் கையெழுத்து வாங்குபவர் வெறும் தரகர்.

அன்பர்களே, துரை கொடுத்த வீட்டில் நம் தாத்தா இருந்தார். நிர்வாகம் கொடுத்த குவார்ட்டர்ஸில் நம் தந்தை இருந்தார். நாம் வங்கி கொடுத்த வீட்டில் இருக்கிறோம். மூன்றும் ஒன்றல்ல. துரையின் வீட்டில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அது நமதாகவில்லை. வங்கிக் கடனுக்கு ஒரு கடைசித் தவணை உண்டு. அது கட்டி முடிந்த பின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வங்கியிடம் விடுவிப்புப் பத்திரம் கேட்டு வாங்கி, நிலப் பதிவேட்டில் ஈட்டை நீக்கி, மூலப் பத்திரத்தைக் கையில் வாங்குவது. கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுபவர்கள் நம்மில் பலர்.

இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். தாய் தந்தையர் கட்டி முடித்த வீட்டின் பத்திரம் எங்கே இருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலையே தேடத் தொடங்குங்கள்.